வெட்டினால் காய்

"உள்ளே நுழையறதுக்கு முன்னாடி, வெளியே வர்ற கதவு எதுன்னு பார்த்து வெச்சுக்குங்க. அது தெரியாதவங்க நுழையவே வேண்டாம்."
— கரன்சி வர்த்தகம், புதியவர்களுக்கான முதல் வகுப்பு

எங்கள் அலுவலகத்துக்கு மொத்தம் இருபத்திரண்டு படிகள். பொய் சொல்ல வருகிறவர்கள் பாதிப் படியில் ஒரு தடவை நின்று, சொல்லப்போவதை ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் மேலே வருவார்கள் என்பது மேடத்தின் அனுபவம். அன்று மதியம் ஒன்றரை மணிக்கு இரண்டு ஜோடிக் கால்கள் ஏறி வந்தன. ஒன்று நிற்காமல் வந்தது. மற்றது பாதியில் நின்றது.

"குடை நழுவிடுச்சு," என்று ஓர் ஆண்குரல் கீழேயிருந்து கேட்டது.

மேடம் மேஜை மேலிருந்த சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார். துப்பறிய வருவதற்கு முன் இருபது வருஷம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தவர். அந்தப் பேனாதான் அவர் துப்பாக்கி, பூதக்கண்ணாடி எல்லாமே. ஊரில் அவருக்குப் பெயரே சிவப்புப் பேனா. எனக்கு அவர் வைத்த பெயர் கமா. "நீ எந்த வாக்கியத்தையும் முடிக்க மாட்டே. நடுவுல நடுவுல வந்து உக்காந்துக்குவே," என்று காரணமும் சொல்லியிருக்கிறார். சம்பளத்தை மட்டும் அவர்தான் நடுவில் நடுவில் தருவார், அதைச் சொன்னால் கோபம் வரும்.

வந்தவர்கள் கணவன் மனைவி. அந்த அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். பல் ஆஸ்பத்திரி ஒன்றின் வரவேற்பு மேஜையிலிருந்து அப்படியே எழுந்து வந்திருந்தார், பெயர்ப் பட்டையைக் கூடக் கழற்றவில்லை. அழுது முடித்த முகம். கணவர் கழுத்து வரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை. மனைவி உட்காருவதற்கு முன் தன் கைக்குட்டையால் நாற்காலியைத் துடைத்தார். "தொந்தரவு குடுக்கறோம், மன்னிக்கணும்," என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு வண்டியை நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்திவிட்டதாகவும், நாலு பேருக்கு இடைஞ்சல் என்றும் சொல்லி, இன்னொரு தடவை மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

"சரியான பழம்," என்றேன் வாய்க்குள்.

என் வாய்க்குள் சொல்வது எதுவும் வாய்க்குள் தங்காது. மேடம் முறைத்தார். அந்த அம்மா மட்டும் லேசாகச் சிரித்தார்.

"என் தம்பியும் அவரை அப்படித்தான் சொல்லுவான். பின்னாடி. அவருக்குத் தெரியாது, தெரிஞ்சா வருத்தப்படுவாரு பாவம்." தம்பி என்ற சொல் வாயில் வந்ததும் சிரிப்பு போய்விட்டது. "மேடம், அவனைத்தான் காணோம்."

தம்பி ஒரு வாத்தியார். கரன்சி வர்த்தகம் பற்றி எதுவும் தெரியாதவர்களுக்கு இணையத்தில் பாடம் எடுப்பவர். சீக்கிரம் பணக்காரனாவது எப்படி என்று சொல்லித்தரும் ரகம் இல்லை. முதல் மூன்று மாதம் விளையாட்டுக் கணக்கில் பொய்ப் பணத்தை வைத்துப் பழகு, நிஜப் பணம் போட்டால் நூறில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் பணயம் வைக்காதே, தூக்கம் கெடுகிறது என்றால் கடையை மூடு என்கிற ரகம். மாணவர்கள் அவரை 'நிதானம் சார்' என்றுதான் கூப்பிடுவார்களாம். ஆறு வருஷமாக ஒரு நாள் கூடக் காலை பத்து மணி வகுப்புக்குப் பிந்தியதில்லை. இன்று முப்பத்து நாலு பேர் காத்திருந்தார்கள், அவர் வரவில்லை. பதினொன்றரைக்கு அக்காவுக்கு ஒரு செய்தி வந்தது. அதற்குப் பிறகு போன் அணைந்துவிட்டது.

"போலீஸ்ல என்ன சொன்னாங்க?"

"மெசேஜ் வந்திருக்கே, வயசுக்கு வந்த ஆம்பள, தானா வருவாருன்னு சொல்லி அனுப்பிட்டாங்க."

மேடம் அந்தச் செய்தியை ஒரு தாளில் எழுத்து மாறாமல் பிரதி எடுத்தார். அச்சகப் பழக்கம். நான் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தேன்.

'அக்கா, ரெண்டு நாள் வெளியூர் வேலை. கிளாஸ் இல்லைன்னு சொல்லிடு. நேத்து நீ கேட்ட சாலட். வெண்ணெய்ப்பழம் 2 நோஸ். வெங்காயம் 1, தக்காளி 1 பொடியா நறுக்கிக்கோ. உப்பு, மிளகு. எலுமிச்சை வேண்டாம். மூணு தடவை பார்த்துட்டு வெட்டு. நான் மூணு தடவை பார்த்தும் ஏமாந்தேன். பழம்னு நம்பினேன், வெட்டினா காய். பழுக்கட்டும்னு மூடி வெச்சிருக்கு. நாலு மணிக்குள்ள சாப்பிடணும், அப்புறம் கறுத்துடும்.'

"நோஸ்னா மூக்குதானே மேடம்? சாலட்ல ரெண்டு மூக்கு எதுக்கு?"

மேடம் சிரிக்கவில்லை. அந்தச் சொல்லைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டார்.

"இதுல உங்களுக்கு எது உறுத்துது?" என்று அந்த அம்மாவிடம் கேட்டார்.

"எலுமிச்சை. இந்த சாலட்டை அவன் எனக்கு எத்தனையோ தடவை செஞ்சு காட்டியிருக்கான். எலுமிச்சை இல்லாம கத்தியையே எடுக்க மாட்டான். 'எலுமிச்சைதான் இதுக்கு ஸ்டாப், அக்கா'ம்பான். அது என்ன ஸ்டாப்போ, எனக்கு அந்த வியாபாரமெல்லாம் புரியாது. ஆனா வேண்டாம்னு மட்டும் சொல்லவே மாட்டான்."

படிக்கட்டில் காலடி கேட்டது. மேடம் தாளை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார்.

*

வாத்தியார் வீட்டுக்கு அவர்கள் வண்டியிலேயே போனோம். கணவர் ஓட்டினார். காலியான தெருவிலும் கை காட்டித் திரும்பினார், நாய் படுத்திருந்தால் நிறுத்தி அது எழுந்திருக்கும் வரை காத்திருந்தார். வானம் மத்தியானமே இருட்டிக்கொண்டு வந்தது, மழை மட்டும் பெய்யவில்லை. பின் இருக்கையில் அந்த அம்மா தம்பியின் எண்ணை மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டே வந்தார். ஒவ்வொரு தடவையும் அதே பெண்குரல் அதே பதிலைச் சொன்னது.

முன் இருக்கையில் மேடம் வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே கிடந்த ஒரு ரசீதுக் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க எங்க வேலை?"

"பழக் கிடங்குலங்க. கேட் கிளார்க். உள்ள வர்ற பெட்டி, வெளிய போற பெட்டி, எல்லாம் எழுதணும். மச்சானுக்கு வெண்ணெய்ப்பழம் நான்தான் கொண்டாந்து குடுப்பேன்." கொஞ்சம் தயங்கி, "நான் அதை வாயில வெச்சதில்லைங்க. சோப்பு மாதிரி இருக்கும்னு சொல்வாங்க," என்றார்.

வாத்தியார் வீடு இரண்டு அறை. எந்தப் பொருளும் இடம் மாறியிருக்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது. சமையல் மேடையில் நாலு வெண்ணெய்ப்பழங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் ஒரு துண்டுச் சீட்டு. 'இன்னும் காய்', 'நாளைக்குப் பார்', 'நாளைக்குப் பார்', 'இன்று'. 'இன்று' என்ற பழத்தின் பக்கத்தில் பலகை, கத்தி, நறுக்காத வெங்காயம். ஒரு எலுமிச்சை மட்டும் இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கம் காய்ந்து கிடந்தது. அவர் கத்தியை எடுத்ததும் முதலில் அதைத்தான் வெட்டியிருக்கிறார்.

"யாரோ கூப்பிட்டிருக்காங்க. தெரிஞ்ச ஆள். அப்படியே எழுந்து போயிருக்காரு," என்றேன்.

"எப்படித் தெரிஞ்ச ஆள்னு சொல்றே?"

"எலுமிச்சையை மூடி வெக்கல. இதோ வந்துடறேன்னு போனவர்."

மேடம் என்னைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தார். அது வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கும்.

மடிக்கணினியில் பழைய வகுப்பு ஒன்று பதிவாகியிருந்தது. ஓடவிட்டேன். அதே சமையல் மேடை, அதே பலகை, ஒல்லியான ஒரு மனிதர். அக்கா அவர் முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"காம்புப் பக்கம் கட்டை விரலால லேசா தொட்டுப் பாருங்க," என்றது அந்த முகம். "அவசரப்பட்டு அமுக்காதீங்க, கன்னிப்போயிடும். இளகினா பழம். இல்லன்னா காத்திருங்க. வர்த்தகத்துலயும் அதேதான், தினம் வாங்கியே ஆகணும்னு யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தல. இப்ப சுத்தி வெட்டி, ரெண்டு பாதியையும் எதிரும் புதிருமா திருகினா பிரிஞ்சு வந்துடும். கரண்டியால வழிச்சு, உடனே எலுமிச்சை. இதுதான் ஸ்டாப். கரன்சி விலை நமக்கு எதிரா இவ்வளவு தூரம் போனா தானா வித்துடுன்னு முன்கூட்டியே ஒரு உத்தரவு போட்டு வெப்போம்ல, அது. இது இல்லன்னா கண்ணு முன்னாடியே கறுத்துப்போகும். இன்னொண்ணு. ஒரு தடவை வெச்ச ஸ்டாப்பை நகர்த்தாதீங்க. இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம், திரும்பி வந்துடும்னு தோணும். வராது. நகர்த்தினவங்க பிழைச்சதா சரித்திரமே இல்ல."

நான் நிறுத்தினேன். எலுமிச்சை வேண்டாம் என்று அந்த மனிதர் சொன்னதற்கு அர்த்தம் இப்போது புரிந்தது. எனக்கு வெளியே வரக் கதவில்லை என்று சொல்லியிருக்கிறார்.

"மேடம், இங்க வாங்க," என்று அடுத்த அறையிலிருந்து அக்கா கூப்பிட்டார்.

சுவரில் மாதக் காலண்டர். ஒரு தேதியில் வட்டம் போட்டு அடித்திருந்தது. ஒரு வாரம் தள்ளி இன்னொரு வட்டம், அதுவும் அடித்திருந்தது. இன்னும் ஒரு வாரம் தள்ளி மூன்றாவது, அதுவும் அப்படியே. நாலாவது வட்டம் இன்றைய தேதி, அடிக்கவில்லை. நாலு வட்டத்துக்குள்ளும் ஒரே எழுத்து: 'ப'.

"பரீட்சை? பணம்? பல்வலி?" என்று நான் அடுக்கினேன்.

"பயணமா இருக்கும்ங்க," என்றார் கணவர். எங்கள் எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவந்து நீட்டிக்கொண்டிருந்தார். தட்டில் நாலு டம்ளர், ஒரு சொட்டு சிந்தவில்லை. "எங்கயோ போகணும், தள்ளித் தள்ளிப் போகுதுன்னு சொல்லிட்டிருந்தான். பஸ் ஸ்டாண்டுல விசாரிச்சா தெரிஞ்சிடும்."

மேடம் தண்ணீரைக் குடித்து முடித்தார். கடிகாரம் மூன்று என்றது.

"நல்ல யோசனை. நீங்க போட்டோவை எடுத்துட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போங்க. இவங்க என்கூட இருக்கட்டும், மாணவர்கள் லிஸ்ட்டைப் பார்க்கணும். உங்க கிடங்குலயும் ஒரு வார்த்தை கேக்கலாம்னு நினைச்சேன்…"

"அங்க இப்ப விட மாட்டாங்கங்க." இவ்வளவு நேரத்தில் அவர் வேகமாகச் சொன்ன ஒரே வாக்கியம் அது. உடனே குரலைத் தணித்துக்கொண்டார். "நாலு மணிக்கு ரூமெல்லாம் சீல் வெப்பாங்க. எல்லாரும் ஓடிட்டிருப்பாங்க. நாளைக்கு நானே கேட்டுச் சொல்றேன்."

"அப்ப கிடங்கு வேண்டாம்," என்றார் மேடம்.

அவர் செருப்பைச் சரியாக ஜோடி சேர்த்து மாட்டிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு, மனைவியிடம் "எதாவது சாப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போனார். வண்டிச் சத்தம் தெருமுனையில் திரும்பும் வரை மேடம் ஜன்னலோரம் நின்றார்.

"கமா, ஆட்டோ பிடி. ஓடு."

"பஸ் ஸ்டாண்டா?"

"கிடங்கு."

*

ஆட்டோ கிடைக்கவே கால் மணி நேரம் ஆகிவிட்டது. ஏறியதும் மேடம் முதலில் போலீஸ் நிலையத்துக்கு போன் போட்டார். "சார், மதியம் 'தானா வருவாரு'ன்னு ஒரு ஆளைப் பத்திச் சொன்னீங்களாம். அவரால தானா வர முடியாது. பழக் கிடங்குக்கு வாங்க. நாலு மணிக்கு முன்னாடி." பிறகு மடித்த தாளை எடுத்தார்.

"அம்மா, சின்ன வயசுல நீங்களும் தம்பியும் சண்டை போட்டா என்ன சொல்லிப்பீங்க?"

அந்த அம்மாவுக்குக் கேள்வி புரியவில்லை. "எல்லாப் பிள்ளைங்களும் சொல்றதுதான். 'காய்' விட்டுடுவோம். ரெண்டு நாள் பேச மாட்டோம். அப்புறம் அவன்தான் வந்து 'பழம்'னு சொல்லிட்டு நிப்பான்."

"அப்ப காய்னா பகை."

"ஆமா."

"இந்த நோஸ்ங்கற வார்த்தையைப் பாருங்க. சமையல் குறிப்புல யாராவது 'வெண்ணெய்ப்பழம் 2 நோஸ்'னு எழுதுவாங்களா? ரெண்டு பழம்னுதான் எழுதுவாங்க. நோஸ்னா நம்பர்ஸ்ங்கறதோட சுருக்கம், எண்ணிக்கை. ரசீது போடற கை அது. பெட்டி இத்தனை நோஸ், கூடை இத்தனை நோஸ். உங்க தம்பி சொல்லச் சொல்ல வேற யாரோ தட்டியிருக்காங்க. தினம் ரசீது போடறவங்க." மேடத்தின் குரலில் வெற்றி எதுவும் இல்லை. மருத்துவர் பேசுகிற மாதிரி மெதுவாகப் பேசினார். "இப்ப அந்த ஒரு வரியை மட்டும் நீங்களே வாசிங்க. பழம்ங்கறது சாப்பிடற பழம் இல்ல, ஒரு ஆளோட பட்டப்பேர்னு நினைச்சுக்கிட்டு வாசிங்க."

அந்த அம்மா தாளை வாங்கினார். ஆட்டோ குலுங்கியதில் எழுத்து ஆடியிருக்க வேண்டும், விரலை வைத்து வாசித்தார்.

"பழம்னு… நம்பினேன்…"

மீதியை வாசிக்கவில்லை. தாள் கையிலிருந்து நழுவி என் மடியில் விழுந்தது. மதியம் நான் வாய்க்குள் சொன்ன ஜோக் அது. உலகத்திலேயே நான் திரும்ப எடுத்துக்கொள்ள விரும்பிய ஒரே ஜோக்.

"இல்ல," என்றார். "இல்ல மேடம். அவர் எறும்பைக் கூட நசுக்க மாட்டாரு."

"அவருக்கு அந்தப் பட்டப்பேர் தெரியாதுன்னு நீங்கதான் சொன்னீங்க. கிடங்குல 'பழம்னு வாங்கினேன், வெட்டினா காய்'னு தினம் நூறு பேர் வந்து புகார் சொல்வாங்க. அந்த வாக்கியம் அவர் காதுல விழாது. அதனாலதான் தன் கையாலயே தட்டி அனுப்பிட்டாரு."

"அப்ப எதுக்கு மேடம் அந்த ஆளைத் தனியா அனுப்பினீங்க?" என்று நான் கத்தினேன். "பஸ் ஸ்டாண்டுக்கா போயிருப்பாரு?"

"போயிருக்க மாட்டாரு. அந்தக் கிடங்குல எத்தனை ரூம் இருக்குன்னு தெரியுமா உனக்கு? எனக்கும் தெரியாது. எந்த ரூம்னு அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும்."

அந்த அம்மா டிரைவரின் தோளைத் தொட்டு, "இன்னும் வேகமா போங்கண்ணா," என்றார்.

*

கிடங்கு வாசலில் அந்த வண்டி நின்றுகொண்டிருந்தது. இரண்டு வெள்ளைக் கோட்டுக்கும் சரியாக நடுவில், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல்.

உள்ளே நுழைந்ததும் இனிப்பு வாடை முகத்தில் அடித்தது. நல்ல வாடைதான், ஆனால் மூச்சு முழுக்க நிறைந்து கொஞ்சம் குமட்டியது. நீண்ட நடைபாதை, இரண்டு பக்கமும் இரும்புக் கதவுகள், ஒவ்வொன்றிலும் எண். பதினாறு அறைகள். காய்களை உள்ளே அடுக்கி, கதவை இறுக்கி, வாயுவை விட்டுப் பழுக்க வைக்கிற இடம். மேற்பார்வையாளர் எங்களைத் தடுக்க ஓடி வந்தார்.

"உள்ள ஆள் மாட்டிக்கிட்டா என்ன ஆகும்?" என்று மேடம் நடந்துகொண்டே கேட்டார்.

"ஆளா? அம்மா, பழமும் மூச்சு விடும். உள்ள இருக்கற காத்தை அதுவே குடிச்சிடும். தினம் கொஞ்சம் திறந்து விடுவோம், அதுகூட நாலு மணிக்கு சீல் வெச்சா நாளைக்கு சாயங்காலம்தான்." அவர் முகம் மாறியது. "ஏன் கேக்கறீங்க?"

மேடம் நடைபாதை திரும்பும் இடத்தில் நின்றுவிட்டார்.

பதினோராம் எண் கதவுக்கு முன்னால் கணவர் நின்றுகொண்டிருந்தார். குடை முழங்கையில் ஒழுங்காகத் தொங்கியது. வலது கை கதவின் கைப்பிடி மேல். இழுக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. எங்கள் காலடி கேட்டும் திரும்பவில்லை.

"பதினொண்ணா?" என்றார் மேடம்.

"ஆமாங்க." குரல் மதியம் மன்னிப்புக் கேட்ட அதே குரல். "திறக்கத்தான் வந்தேன்."

"எப்ப வந்தீங்க?"

அவர் யோசித்தார். அவருக்குப் பதிலாகப் பின்னால் நின்ற வாட்ச்மேன் சொன்னார். "சார் வந்து கால் மணி நேரத்துக்கு மேல ஆச்சும்மா. அப்படியேதான் நிக்கிறாரு. லோடு பார்க்கறாருன்னு நினைச்சேன்."

கால் மணி நேரம். நான் பல கொலைகாரர்களைப் பார்த்திருக்கிறேன், யாரும் என்னை அவ்வளவு பயமுறுத்தியதில்லை. அந்த ஆளை இடித்துத் தள்ளிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தேன். வரவில்லை. மேற்பார்வையாளரும் நானும் சேர்ந்து இழுத்தோம். ரப்பர் விடுபடும் சத்தத்தோடு கதவு திறந்தது.

உள்ளே கூரை வரை பெட்டிகள். பெட்டிகளுக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு ஆள் குப்புறக் கிடந்தார். கதவின் அடியில் ரப்பரை நகத்தால் பிய்த்து ஒரு விரல் அகலத்துக்குச் சந்து பண்ணி, அதில் மூக்கை வைத்திருந்தார். பத்து நகமும் ரத்தம். வெளியே வரும் கதவை அந்த மனிதர் தரையோடு தரையாகப் படுத்துத் தேடியிருக்கிறார்.

"தம்பீ!"

கண் திறக்கக் கொஞ்ச நேரம் ஆனது. எங்களுக்கு அது ரொம்ப நேரம். இழுத்து நடைபாதையில் கிடத்தி, வாட்ச்மேன் அட்டைப் பெட்டி மூடியால் விசிறினார். அக்கா தலையை மடியில் வைத்துக்கொண்டார்.

"படிச்சியா?" என்றார் தம்பி. குரல் காற்றாகத்தான் வந்தது.

"படிச்சேன்டா. இவங்கதான் படிச்சுக் காட்டினாங்க. என்னடா நடந்துச்சு?"

விஷயம் சின்னது. வீடு வாங்க அந்த அம்மா பன்னிரண்டு வருஷமாகச் சேர்த்ததைக் கணவர் கரன்சியில் போட்டிருக்கிறார். மச்சான் வகுப்பிலேயே வேறு பெயரில் சேர்ந்து, மூன்றே பாடம் கேட்டுவிட்டு, நிதானம் ரொம்ப மெதுவாகப் போகிறது என்று தனியாக இறங்கிவிட்டார். ஸ்டாப் போடவில்லை. எல்லாம் போன பிறகுதான் மச்சானிடம் வந்து அழுதார். அக்காவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் என்று தம்பி ஒரு தேதி கொடுத்தார். அந்தத் தேதியில் அவர் சொல்லவில்லை, அடுத்த தேதி வாங்கினார். இன்று நாலாவது, காலண்டரில் பழத்துக்கு 'ப' போட்டு அடிக்காமல் விட்டிருந்த தேதி. சொல்லாவிட்டால் வகுப்பு முடிந்ததும் நானே சொல்கிறேன் என்று தம்பி முடிவாகச் சொல்லியிருந்தார். காலையில் வாசலில் வண்டி வந்து நின்றது. புது லோடு வந்திருக்கு, அக்காவுக்கு நல்ல பழமாக நாலு எடுத்துக்கொண்டு, ரெண்டு பேருமாகப் போய்ச் சொல்லிவிடலாம் என்றார். போனை வண்டியிலேயே வைத்துவிட்டு வா, உள்ளே ஈரம் என்றார்.

"நான் உள்ள குனிஞ்சு பழம் பார்த்துட்டிருந்தேன்," என்றார் தம்பி. "கதவு சாத்திடுச்சு. வெளிய நின்னு அழுதாரு, அக்கா. உங்கக்கா பயப்படுவா, உன் போன்லேர்ந்தே அனுப்பறேன், எதாவது மெசேஜ் சொல்லுன்னு கேட்டாரு. நாலு மணிக்கு சீல் வெச்சிடுவாங்களே மாமான்னேன். யோசிக்கறேன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

"நான் ஒண்ணும் பண்ணலைங்க," என்றார் கணவர் எங்கள் யாரையும் பார்க்காமல். "கதவைத்தான் சாத்தினேன்."

அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை. தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, ரத்தம் கட்டிய நகங்களைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "என்கிட்ட முதல் நாளே ஏன்டா சொல்லல?"

"உன் வாழ்க்கையாச்சே அக்கா. இன்னும் ஒரு வாரம் பொறுத்தா அவரே சொல்லிடுவாருன்னு தோணுச்சு. மூணு தடவை தோணுச்சு." அவர் கண்ணோரத்தில் நீர் இறங்கி அக்காவின் புடவையில் ஊறியது. "ஆறு வருஷமா அத்தனை பேருக்குச் சொல்றேன். நானே நகர்த்திட்டேன்."

வெளியே ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார், மேடத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு காவலர்கள் கணவரின் இரண்டு பக்கமும் நின்றார்கள். அவர் குடையை என்ன செய்வது என்று தெரியாமல் சுற்றிப் பார்த்துவிட்டு, யாருக்கும் காலில் தடுக்காத இடமாகப் பார்த்துச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

அப்போதுதான் அந்த அம்மா எழுந்தார். தம்பியின் தலைக்கு அடியில் நான் கழற்றிக் கொடுத்த சட்டையை மடித்து வைத்துவிட்டு, நடந்து போய்க் கணவருக்கு நேர் எதிரே நின்றார். அடிக்கப்போகிறார் என்று ஒரு காவலர் கையைக் குறுக்கே நீட்டினார். அடிக்கவில்லை. பதினாறு வருஷம் கூட வாழ்ந்த முகத்தை ஒரு தடவை முழுசாகப் பார்த்தார்.

"காய்," என்றார்.

அவர் நிமிர்ந்தார். முகத்தில் எதுவும் புரிந்ததாகத் தெரியவில்லை. கை தானாகச் சட்டைப் பையிலிருந்த பேனாவுக்குப் போனது.

"எந்த ரூம்ல?" என்று கேட்டார்.